நானோ துகளால் தண்ணீரைச் சுத்திகரிக்க: முதல் சோதனை செய்பவர்களுக்கான வழிகாட்டி

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பொருளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். கிராஃபீன் நல்லதா, வெள்ளித் துகளா, டைட்டானியம் டை ஆக்சைடா என்று கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்தத் துகள் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆர்சனிக்கை அருமையாகப் பிடிக்கும் பொருள் நைட்ரேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அதனால் இந்தக் கட்டுரையில் பத்துப் பொருள்களை அறிமுகம் செய்யப் போவதில்லை. ஒரே ஒரு சோதனையைத் தொடக்கத்தில் இருந்து செய்து பார்ப்போம். மணலின் மேல் இரும்பின் நானோ படலத்தைப் பூசி, அது தண்ணீரில் உள்ள பாஸ்பேட்டைப் பிடிக்கிறதா என்று அளக்க வேண்டும். பள்ளி அல்லது கல்லூரி வேதியியல் ஆய்வகம் ஒன்று கைவசம் இருந்தால் போதும். இதில் வெளியே வரும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது. இது கற்றுக்கொள்வதற்கான சோதனை, குடிநீர்க் கருவி இல்லை.

ஏன் இவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்?

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளவற்றை நானோ என்கிறோம். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். பொருள் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மாசு ஒட்டிக்கொள்ளும் இடம் மட்டும் பத்து லட்சம் மடங்கு பெருகிவிட்டது. தண்ணீர் விஷயத்தில் நானோவின் பலம் முக்கால்வாசி இந்தப் பரப்புதான். மாசு பொருளுக்குள் ஊறிப் போகாமல் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். நாம் செய்யப்போகும் சோதனை முழுவதும் அதைப் பற்றியதே.

படி 1: தண்ணீரின் அறிக்கையைக் கையில் எடுங்கள்

பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து வாங்கிய அறிக்கையில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: பி.எச்., கலங்கல், மொத்தக் கரைந்த உப்புகள், கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், கோலிஃபார்ம் கிருமி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் ஒரு லிட்டருக்கு ஆர்சனிக் 10 மைக்ரோகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். எது எல்லை தாண்டியிருக்கிறதோ அதுதான் உங்கள் எதிரி.

ஆர்சனிக் என்றால் இரும்பின் ஆக்சைடுகளும் ஹைட்ராக்சைடுகளும் முதல் தேர்வு. ஆனால் ஆர்சனிக் இரண்டு உருவில் வரும். ஆர்சனேட் மின்சுமை உள்ளது, சுலபமாக ஒட்டும். ஆர்சனைட் சாதாரண பி.எச்.சில் மின்சுமை இல்லாமல் திரியும், அதைப் பிடிப்பது கடினம். காற்றுப் புகாத நிலத்தடி நீரில் இரண்டாவது வகை அதிகம் இருக்கும். அதனால் முதலில் குளோரின் போன்ற ஒன்றால் அதை ஆர்சனேட்டாக மாற்றிவிட்டுத்தான் வடிகட்டிக்கு அனுப்புவார்கள்.

ஃபுளோரைடுக்கு அலுமினா (அலுமினிய ஆக்சைடு) வகைகள். நைட்ரேட்டுக்கு நானோவை நம்பிப் போகாதீர்கள். நானோ இரும்பைப் போட்டால் நைட்ரேட் குறையும் என்று காட்டும் கட்டுரைகள் ஏராளம், அதில் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறி அதே தண்ணீரில்தான் நிற்கிறது. கரைந்த உப்பு அதிகம் என்றால் ஆர்.ஓ. போன்ற சவ்வுதான் வழி, எந்தத் துகளும் உப்பை விழுங்காது. சவ்வுக்குள்ளேயே நானோ துகளைப் புதைக்கும் ஆய்வும் நடக்கிறது. 2007இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் நானோ துகள்களைப் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகைப் படலத்துக்குள் வைத்து அப்படி ஒரு சவ்வைச் செய்து காட்டினார்கள். அது தனிக் கதை, தொடக்கத்தில் தேவையில்லை.

படி 2: துகளை எப்படிப் பிடித்து வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போகும் இடம் இது. மாசு துகளில் ஒட்டிக்கொண்டது, சரி. அந்தத் துகளைத் தண்ணீரில் இருந்து எப்படி எடுப்பீர்கள்? ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் வடிதாளின் துளை 0.45 மைக்ரோமீட்டர், அதாவது 450 நானோமீட்டர். 10 நானோமீட்டர் துகள் அதன் வழியாகத் தாராளமாக நடந்து போகும். போகும்போது பிடித்த மாசையும் தூக்கிக்கொண்டு போகும். அப்படிப் பார்த்தால் துகளைப் போடாமல் இருந்ததே மேல்.

இதற்கு நல்ல விடைகள் உண்டு. 2006இல் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) துகள்களை ஆர்சனிக் கலந்த நீரில் போட்டு, கையடக்கக் காந்த அளவிலான குறைந்த காந்தப் புலத்திலேயே அவற்றைத் திரட்டி எடுத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு வேறு பாதையில் போனது. ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்புச் சேர்மத்தை, இறால் நண்டு ஓட்டில் இருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் அடைத்து மணிமணியான வடிகட்டிப் பொருளாக்கினார்கள். துகள் நானோதான், ஆனால் கையில் எடுக்கும்போது அது குறுமணி. எனக்குக் கேட்டால், அதிகம் பிடிக்கும் துகளைவிட, கொஞ்சம் குறைவாகப் பிடித்தாலும் இடத்தை விட்டு நகராத துகளே நல்லது.

நம் சோதனையில் பிடித்து வைக்கும் வேலையை மணல் செய்யும்.

படி 3: பூச்சு மணல் தயாரித்தல்

நாம் செய்யப்போவதும் ஃபெர்ரிஹைட்ரைட்தான். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள். பெர்ரிக் குளோரைடு அரிக்கும், பட்ட இடமெல்லாம் கறையாகும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அரை முதல் 1 மில்லிமீட்டர் வரை உள்ள மணலில் 100 கிராம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊற வையுங்கள். பிறகு கழுவிய நீரில் அமிலம் தெரியாத வரை அலசுங்கள். மணலில் சுண்ணாம்போ பழைய இரும்புக் கறையோ இருந்தால் இதில் போய்விடும்.

5.4 கிராம் பெர்ரிக் குளோரைடை (நீரேற்றம் பெற்ற மஞ்சள் கட்டி வகை) 100 மில்லி வாலை வடிநீரில் கரையுங்கள். இன்னொரு முகவையில் 60 மில்லி வாலை வடிநீரில் 2.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். சூடாகும், ஆற விடுங்கள்.

இப்போது இரும்புக் கரைசலைக் கலக்கிக்கொண்டே காரக் கரைசலை மெதுவாக ஊற்றுங்கள். விழுந்த இடத்தில் பழுப்புத் திரி தோன்றும், கலக்கினால் மறைந்துவிடும். ஊற்ற ஊற்றக் கரைசல் ஆரஞ்சில் இருந்து அடர்ந்த செம்பழுப்புக்கு மாறும். முக்கால் பங்குக்கு மேல் ஊற்றிய பிறகு திரி மறைய மறுக்கும், கலவை கூழாகக் கெட்டிப்படும். அந்த இடத்தில் கையை இறுக்குங்கள். கடைசி 10 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் பி.எச். தாளில் பாருங்கள். 7க்கும் 7.5க்கும் நடுவில் வந்ததும் நிறுத்துங்கள். காரம் மிச்சமிருந்தால் இருக்கட்டும், தீர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அந்தச் செம்பழுப்புக் கூழ்தான் உங்கள் நானோ பொருள். அதன் தனித் துகள்கள் சில நானோமீட்டர் அளவுதான். அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிகின்றன. அடியில் படிய விட்டு, மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு, புதிய வாலை வடிநீர் ஊற்றுங்கள். இப்படிப் பலமுறை செய்தால் வினையில் உண்டான உப்பு போய்விடும். போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, வடித்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் போல வெளுத்தால் இன்னும் குளோரைடு இருக்கிறது.

பிறகு கூழை மணலோடு பிசைந்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 60 டிகிரி செல்சியஸுக்கு மிகாத சூட்டில் உலர்த்துங்கள். அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டக் கூடாது. சூடு ஏறினால் ஃபெர்ரிஹைட்ரைட், ஹெமடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறத் தொடங்கும். பார்க்க இன்னும் சிவப்பாக அழகாக இருக்கும், பரப்பு சுருங்கிவிடும். உலர்ந்ததும் கட்டிகளை உதிர்த்து, கழுவும் நீர் நிறமின்றி வரும் வரை அலசி, மறுபடி உலர்த்துங்கள். இப்போது உதிராதவைதான் நம் கணக்கில் சேரும். மணல் ரொம்ப வெளிறி இருந்தால் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லாதவர்கள், மீன் தொட்டிகளில் பாஸ்பேட்டை நீக்க விற்கப்படும் குறுமணி பெர்ரிக் ஹைட்ராக்சைடை வாங்கி நேராக அடுத்த படிக்குப் போகலாம். குறையொன்றும் இல்லை.

படி 4: பிடிக்கிறதா என்று பார்த்தல்

ஆர்சனிக்கை வைத்து நேரடியாகச் சோதிக்காதீர்கள். அதற்குப் பதில் பாஸ்பேட். காரணம் பாதுகாப்பு மட்டும் இல்லை. ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வடிவத்தில் உடன்பிறப்புகள்: நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன், ஏறக்குறைய ஒரே மின்சுமை. இரண்டும் இரும்பின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்கின்றன. பாஸ்பேட்டை அளக்கும் மாலிப்டினம் நீலச் சோதனையில் ஆர்சனேட்டும் அதே நீல நிறத்தைத் தரும் அளவுக்கு நெருக்கம்.

143 மில்லிகிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை 1 லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் பாஸ்பேட் உள்ள மூலக் கரைசல் கிடைக்கும். அதில் 100 மில்லியை எடுத்து 2 லிட்டராக்குங்கள். இப்போது லிட்டருக்கு 5 மில்லிகிராம். 1.2 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடும் சேருங்கள். உப்பே இல்லாத நீரில் நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தண்ணீர் முழுவதும் பரவி நிற்கும், அதைத் தடுக்கத்தான் இந்த உப்பு.

ஆறு பாட்டில்களில் 250 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள். ஒன்றில் பூச்சு இல்லாத வெறும் மணல் 4 கிராம். மற்ற நான்கில் பூச்சு மணல் அரை, 1, 2, 4 கிராம். முதல் இரண்டு பாட்டில்களும் வெட்டி வேலை என்று தோன்றும். அவை இல்லாவிட்டால் மற்ற நான்கின் எண்ணுக்கும் மதிப்பில்லை. பாட்டிலின் சுவரில் எவ்வளவு ஒட்டியது, மணலே எவ்வளவு பிடித்தது என்பதை அவைதான் சொல்லும்.

குலுக்கிக்கொண்டே இருங்கள். 10 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, 4 மணி, 24 மணி என்று கொஞ்சமாக மாதிரி எடுத்து, வடிகட்டி, பாஸ்பேட் சோதனைப் பெட்டியில் (டெஸ்ட் கிட்) அளந்து எழுதுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பி.எச். அளக்க மறக்காதீர்கள்.

படி 5: எண்ணைப் படித்தல்

"90 சதவீதம் நீக்கியது" என்ற வாக்கியம் தனியாகச் சொன்னால் ஒன்றும் சொல்லவில்லை. நிறையப் பொருளைக் கொட்டினால் எதையும் 90 சதவீதம் நீக்கலாம். கேட்க வேண்டியது, 1 கிராம் பொருள் எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்பது. தொடக்கச் செறிவில் இருந்து இறுதிச் செறிவைக் கழித்து, நீரின் அளவால் பெருக்கி, பொருளின் எடையால் வகுங்கள். ஒரு கணக்குக்காக, 2 கிராம் போட்ட பாட்டிலில் 5 மில்லிகிராம் 1 மில்லிகிராமாகக் குறைந்தது என்று வைத்துக்கொண்டால்: 4 பெருக்கல் 0.25 லிட்டர், வகுத்தல் 2 கிராம். கிராமுக்கு அரை மில்லிகிராம்.

நான்கு பாட்டில்களின் எண்ணையும், அந்தந்தப் பாட்டிலில் மிச்சமிருந்த செறிவுக்கு எதிராக வரைபடத்தில் குறியுங்கள். முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து படுக்கும் கோடு வரும். லாங்மியர் சமன்பாடு என்று படித்திருந்தால் இதுதான் அது. படுக்கும் உயரம் இடம் நிறைந்துவிட்டதைக் காட்டுகிறது.

படி 6: நிஜத் தண்ணீரில் மறுபடி

வாலை வடிநீரில் ஜெயித்த பொருள் கிணற்று நீரில் தோற்பது சகஜம். அதே சோதனையை நிலத்தடி நீரில் 5 மில்லிகிராம் பாஸ்பேட் கரைத்துச் செய்யுங்கள். சிலிக்கேட்டும் பைகார்பனேட்டும் அதே இருக்கைகளுக்குப் போட்டி போடும். பி.எச். கூடினால் இரும்பின் மேற்பரப்பு எதிர்மின்சுமைக்கு மாறி, வரும் எதிர்மின் அயனிகளைத் தள்ளத் தொடங்கும். உங்கள் எண் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதுதான் பயனுள்ள முடிவு, முந்தைய படியில் வந்த அழகான எண் இல்லை. ஆர்சனிக் வடிகட்டியை வடிவமைப்பவர்கள் தண்ணீரில் பாஸ்பேட் எவ்வளவு என்று முதலில் விசாரிப்பதும் இதனால்தான்.

படி 7: ஓடும் நீரில்

2 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயின் அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்து, பாதி அளவு நீர் ஊற்றிய பிறகு 60 கிராம் பூச்சு மணலைப் போடுங்கள். காய்ந்த மணலைப் போட்டு மேலே நீர் ஊற்றினால் காற்று மாட்டிக்கொண்டு, நீர் ஒரே பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். மணல் ஏறக்குறைய 40 மில்லி இடம் பிடிக்கும். நிமிடத்துக்கு 4 மில்லி வீதம் விட்டால், நீர் மணலுக்குள் தங்கும் கணக்கு நேரம் 10 நிமிடம்.

கிராமுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கை இங்கே போட்டால், 60 கிராம் மணல் 30 மில்லிகிராம் பிடிக்கும், அதாவது 6 லிட்டர் ஓடும் வரை தாங்க வேண்டும். நிமிடத்துக்கு 4 மில்லி வீதம் அது 25 மணி நேரம். சின்னக் குழாயாக எடுத்தால் சீக்கிரம் முடியுமே என்று நினைப்பீர்கள். முடியாது. தங்கும் நேரத்தை மாற்றாமல் குழாயைச் சிறிதாக்கினால் ஓட்டமும் சேர்ந்து குறையும், மணிக்கணக்கு அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு அரை லிட்டருக்கும் ஒரு மாதிரி எடுங்கள். வெகுநேரம் பூஜ்யத்தை ஒட்டியே வரும், பிறகு மெல்ல ஏறும். நீங்கள் வகுத்த எல்லையைத் தாண்டும் அந்த லிட்டர்தான் வடிகட்டியின் ஆயுள். கணக்கு சொன்ன 6 லிட்டருக்கு முன்பே வந்துவிடும், ஏனென்றால் அடியில் உள்ள மணல் நிறைவதற்கு முன்பே கசிவு தொடங்கிவிடும்.

படி 8: வெளியே வந்தது என்ன?

ஓட்டிய நீரில் இரும்பு அளக்க வேண்டும், அதுவும் இரண்டு விதமாக. அப்படியே அளந்தால் கரைந்த இரும்பு மட்டும் பெரும்பாலும் தெரியும். கொஞ்சம் அமிலம் சேர்த்துச் சூடாக்கி அளந்தால் உதிர்ந்து வந்த துகளும் கரைந்து கணக்கில் சேரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தப்பிய நானோ. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் துணியில் கறை படியத் தொடங்கும். இருட்டறையில் பக்கவாட்டில் லேசர் ஒளியை விட்டுப் பார்ப்பதும் ஒரு வேகமான வழி: நீருக்குள் ஒளிக்கோடு தெரிந்தால் துகள் இருக்கிறது. தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், மிகச் சிறிய துகள்கள் ஒளியை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை.

கிருமி, ஒளி, விளம்பரம்

பூச்சு மணல் கிருமியைக் கொல்லாது. வெள்ளி நானோ கொல்லும், ஆனால் அதன் வேலை பெரும்பாலும் மெல்லக் கரைந்து வரும் வெள்ளி அயனியால் நடக்கிறது. தண்ணீரில் குளோரைடும் சல்ஃபைடும் அதிகமிருந்தால் அந்த அயனி செயலிழந்து போகும். குளோரினுக்கு உள்ள வேகமும் வெள்ளிக்கு இல்லை. கொதிக்க வைப்பதையோ குளோரினையோ கைவிட்டுவிட்டு வெள்ளியை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டைட்டானியம் டை ஆக்சைடின் கதை 1972இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்ட ஆய்வில் தொடங்கி அரை நூற்றாண்டாக ஓடுகிறது. ஒளி பட்டால் கரிமப் பொருளைச் சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு 387 நானோமீட்டருக்குக் குறைந்த புறஊதா ஒளி வேண்டும், சூரிய ஒளியில் அந்தப் பங்கு மிகக் குறைவு. இதில் இறங்குபவர்கள் மெத்திலீன் நீலச் சாயத்தை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். நீலம் மறைந்ததும் கைதட்டுகிறார்கள். சாயம் சிதையாமல் துகளில் ஒட்டிக்கொண்டாலும் நீலம் மறையும்! முதலில் அரை மணி நேரம் இருட்டில் கலக்கி, ஒட்டுவது நின்ற பிறகு விளக்கைப் போடுங்கள். அதற்குப் பின் குறைவதைத்தான் எண்ண வேண்டும்.

கடைக் கருவியில் "நானோ" என்று எழுதியிருந்தால், எந்த மாசுக்கு, எத்தனை லிட்டர் வரை, எந்தத் தரச் சான்றின்படி என்று கேளுங்கள். உடல்நலம் சார்ந்த மாசு நீக்கத்துக்கு என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் 53 என்ற தரமும், ஆர்.ஓ. கருவிக்கு 58 என்பதும் உண்டு. சுவை, மணம் பற்றிய 42ஆம் எண் சான்றை மட்டும் காட்டி ஆர்சனிக் போகும் என்றால் நம்ப வேண்டாம்.

கடைசி வேலை

பாஸ்பேட் பிடித்த மணலை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊற வைத்தால் பிடித்ததைப் பெருமளவு விட்டுவிடும். நன்றாகக் கழுவி பி.எச்.சை மீட்டெடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், இரண்டாம் முறை எவ்வளவு பிடிக்கிறது என்பதும் ஒரு நல்ல அளவீடு. கழிவுக் காரத்தை நடுநிலையாக்கிய பிறகே கொட்ட வேண்டும். துகள் கலந்த கழுவுநீரைப் படிய வைத்து, அடிக்கசடை உலர்த்தி ஆய்வகக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். இதே பொருளை யாராவது ஆர்சனிக்குக்குப் பயன்படுத்தினால் கணக்கு வேறு: நிறைந்த மணலில் விஷம் திரண்டு நிற்கிறது. மழை படும் இடத்தில் அதைக் கொட்டுவது எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். ஆக்சிஜன் இல்லாத குப்பைமேட்டுக்குள் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைத்து ஆர்சனிக்கை வெளியே விடும் என்பதால், அபாயக் கழிவுக்கு உரிய வழியில்தான் அதை அனுப்ப வேண்டும்.